கிழக்கு மூலைப் பாசி

தண்ணீர் இறங்க இறங்க ரெகோ திட்டு வெளியே வந்தது. முதலில் நடுமேடு, பிறகு கரையோரம், கடைசியாகக் கிழக்கு மூலை. தோசிந்தா படகுச் சரிவின் அடியில் ரப்பர் பூட்ஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டில் ஒரு துணுக்குப் பாசி இல்லை. வாரிய கோடுகளோடு மணல், தலை சீவிவிட்ட பிள்ளை மாதிரிக் கிடந்தது. இந்தக் கடற்கழியைச் சுற்றி எத்தனையோ ஊர்கள், எத்தனையோ திட்டுகள். இவ்வளவு சுத்தமாக ஒன்றுகூட இருக்காது. அவளுக்கு முதலில் வந்தது பெருமைதான். நம் ஊர்த் திட்டு என்று நினைத்தாள். அதற்கப்புறம்தான் கிழக்கு மூலையைச் சரியாகப் பார்த்தாள். கால் தானாக ஓரடி பின்னால் போயிற்று.

அந்த மூலையில் பாசி இருந்திருக்க வேண்டும். இரண்டு குளிர்காலமாக யாரும் கைவைக்காமல், கம்பளி மாதிரித் தடித்துப் படர்ந்த பச்சைப்பாசி. அதைப் பார்ப்பதற்காகத்தான் இன்று நீர் முழுக்க வற்றும் நேரத்துக்கு சாந்தியாகோவிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். இங்கே நடக்கும் ஆய்வுக்கு அரசு இன்னும் மூன்று வருடத்துக்கு நிதி தருமா, இல்லை இத்தோடு நிறுத்திவிடுமா என்பதை அவர்கள் பார்த்துப் போய்த்தான் சொல்ல வேண்டும்.

விலாமார் ஊரில் பாசியை விட்டுவைக்கிற வழக்கம் கிடையாது. மட்டிப் பருவம் தொடங்குவதற்கு முன் பெண்கள் எல்லோரும் திட்டில் இறங்கி, பல் வைத்த வாரியால் வாருவார்கள். கூலி இல்லை. வராதவளுக்கு அந்தப் பருவத்தில் மட்டி எடுக்க உரிமை இல்லை. வாரிய பாசி சோளக்கொல்லைக்கு எருவாகப் போகும். ஆந்தியா ஊருக்கு வந்த புதிதில் மீனவர் சங்கக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டே கேட்டாள், பாசியை ஏன் எடுக்கிறீர்கள் என்று. கடல் ஆய்வு நிலையத்தில் வேலை செய்கிறவள். பிறந்தது உள்நாட்டு மலையில். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டை ஏன் கூட்டுகிறீர்கள் என்றும் கேட்பாயா என்றாள் பால்பினா. தோசிந்தாவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து சூப்புக்குக் கீரை நறுக்கும்போது தன்னிடமே அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தாள். அழுக்கு என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. மறுநாள் ஆந்தியாவிடம் போய், "எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"எனக்கும் தெரியல. அதான் கேட்டேன்."

அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. பெருமழைக் காலத்தில் ஆறு கழிக்குள் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். உப்புக் குறைந்தால் மட்டிக்குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் சாகும். பாசி அந்தக் குஞ்சுகளை மூச்சடைக்கச் செய்கிறதா, இல்லை போர்வையாக இருந்து காப்பாற்றுகிறதா? பாதியை வாரி, பாதியை விட்டுப் பார்த்தால் தெரியும். அந்த வருடம் அரசு புதிதாக ஒரு நிதி அறிவித்திருந்தது. கடலை ஆராய்கிறவர்களும் கடலில் இறங்கி வேலை செய்கிறவர்களும் சேர்ந்து கேட்டால்தான் பணம். கேள்வி இரண்டு பேருடையதாகவும் இருக்க வேண்டும், முடிவும் இரண்டு பேருக்கும் சேர வேண்டும். தோசிந்தாவின் அம்மா காலம் முழுக்கச் சேற்றில் குனிந்தே நின்றவள். அரசுத் தாள்களில் அவளுடைய தொழில் 'வீட்டுவேலை'. தோசிந்தாவின் பெயருக்கு எதிரே 'ஆய்வுக் கூட்டாளி' என்று அச்சாகி வந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க ரொட்டி வாங்கப் போகும்போது மட்டும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

ஆனால் ஊர் ஒன்றாக நிற்கவில்லை. பல வருடங்களுக்கு முன் யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, திட்டைத் தோண்டி, வாளி வாளியாக மணலை எடுத்துக்கொண்டு போனார்கள். என்ன கண்டார்கள் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் திட்டு மூடல் என்று ஒரு பலகை மட்டும் வந்தது. செல்சா அதை மறக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து, "அதே ஆளுங்கதான். அப்ப மொறைச்சுக்கிட்டு வந்தாங்க, இப்ப சிரிச்சுக்கிட்டு வர்றாங்க" என்றாள். பாதிப் பேர் அவள் பக்கம். கை தூக்கி எண்ணியபோது தோசிந்தாவின் பக்கம் மயிரிழையில் ஜெயித்தது. கெட்டுப்போனால் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சங்கத் தலைவியான தோசிந்தா எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

விலாமாரில் பெண்கள் ஜோடியாகத்தான் மட்டி எடுப்பார்கள். ஒருத்தி வாருவாள், மற்றவள் சல்லடையில் சலிப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தோசிந்தாவும் செல்சாவும் ஜோடி. ஓட்டுக்கு மறுநாள் செல்சா வந்து தோசிந்தாவின் கொட்டகையில் தொங்கிய தன் சல்லடையை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவளும் அவள் பக்கத்துப் பெண்களும் ஆய்வைப் பற்றிய எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

இப்போது சரிவின் மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. செல்சா முன்னால் வந்தாள். பின்னால் அவள் ஆட்கள். காதில் விசேஷ நாளுக்குப் போடுகிற தொங்கட்டான், காலில் ரப்பர் பூட்ஸ், கையில் துணி மூடிய பெரிய தட்டு. மட்டியும் வெங்காயமும் வைத்துச் சுட்ட எம்பனாடா அப்பத்தின் வாசனை காற்றில் முன்னாலேயே வந்துவிட்டது.

"என்னடி தலைவி, வாயடைச்சுப் போச்சா?" என்றாள் செல்சா.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து தோசிந்தாவுக்காக வந்த முதல் பேச்சு அது.

"நீயா செஞ்ச?"

"வேற யாரு செய்வா? நேத்து வத்தத்துக்கு எறங்கினோம். நீ அந்த மலைக்காரியோட சாந்தியாகோவுல உக்காந்து பேச்சு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தப்போ, நாங்க இங்க மழையில நனைஞ்சுக்கிட்டு வாரினோம்."

"பால்பினாவுக்கு இடுப்பே போச்சு," என்றாள் பின்னால் ஒருத்தி.

"இடுப்பு எப்பவோ போச்சு," என்றாள் பால்பினா. "நேத்து போனது மானம். எல்லாரும் பாக்கச் சேத்துல வழுக்கி உக்காந்தேன். தூக்கிவிட ஒருத்தி வரல. சிரிச்சு முடிச்சுட்டுத்தான் வந்தாளுக."

செல்சா தட்டைச் சுவர்மேல் வைத்தாள். தோசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல் திட்டைப் பார்த்துப் பேசினாள். "நான் இதுக்கு ஓட்டுப் போடல. இன்னிக்கும் போடமாட்டேன். ஆனா அரசாங்கத்து ஆளுங்க வர்றாங்கன்னு தெரிஞ்சப்புறம் அந்த மூலை கெடந்த கெடப்பப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல. நம்ம ஊரப் பத்தி என்ன நெனைப்பாங்க? நீ பாவம், ஒத்தையில என்ன செய்வ? அதான் எல்லாரையும் இழுத்துக்கிட்டு வந்தேன்."

அவள் நகக்கண்களில் பச்சை இன்னும் போகவில்லை. தோசிந்தா அதையே பார்த்தாள். இவ்வளவு காலம் தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் போகிறவள். சர்ச் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். அவள் தன்னால் முடிந்த ஒரே வழியில் கை நீட்டியிருக்கிறாள். வாரியைக் கையில் எடுத்துப் பாசியை வாரியிருக்கிறாள். இதற்கு என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் கார் வந்துவிடும்.

"செல்சா, அந்த மூலை அழுக்கில்லடி," என்றாள். "அத வேணும்னேதான் விட்டு வச்சிருந்தோம். அதப் பாக்கத்தான் அவங்க வர்றாங்க."

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"எல்லைக்கு நட்ட குச்சி எதுவும் இல்லையே, பாத்து முடிச்சுட்டீங்கன்னுல்ல நெனைச்சோம்," என்றாள் செல்சா.

"போன வாரப் புயல்ல அடிச்சுக்கிட்டுப் போச்சு. இன்னிக்குக் காலையில நடலாம்னு இருந்தோம். ஆந்தியா எடுத்துக்கிட்டு வர்றா."

செல்சா தொங்கட்டானைத் தொட்டுப் பார்த்தாள். கழற்றிவிடலாமா என்று யோசிப்பவள் மாதிரி. அவளை அப்படி முகம் செத்து தோசிந்தா பார்த்ததில்லை. புருஷன் படகு திரும்பாத அன்றுகூட அவள் தாடையை உயர்த்திக்கொண்டுதான் துறையில் நின்றாள்.

"எடுத்த பாசி எங்க?" என்று கேட்டாள் தோசிந்தா.

"நேத்தே வண்டியில ஏத்திக் கொல்லைக்கு அனுப்பிட்டோம். உழுதும் போட்டிருப்பான்."

கடற்காகங்கள் திட்டில் இறங்கி நடந்தன. பால்பினாதான் முதலில் வாயைத் திறந்தாள். "பக்கத்து ஊர்த் திட்டுல மலையாக் கெடக்கு. ரெண்டு தள்ளுவண்டி போதும். பாசி மேல ஊர் பேரா எழுதியிருக்கு?"

தோசிந்தா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குள் பெண்கள் தள்ளுவண்டிகளை இழுத்துக்கொண்டு கரையோரமாக ஓடினார்கள். வழியில் தோசிந்தாவின் பக்கத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரிகள் இரண்டு பேர் தங்கள் திட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க பாசியத் திருடுறீங்களாடி?"

"உங்களுக்குத்தான் வாருற பழக்கம் இல்லையே, நாங்களாவது வாரிக்கிறோம்," என்று கத்தினாள் பால்பினா.

"விலாமார்க்காரிகளுக்கு அழுக்கு தட்டுப்பாடாம்டி!"

அவர்கள் சிரிப்பு தண்ணீரைத் தாண்டி வந்தது. இவர்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் திட்டிலிருந்து பாசியை வெளியே சுமந்தவர்கள் இப்போது உள்ளே சுமந்தார்கள். தோசிந்தாவும் ஒரு கை அள்ளினாள். குளிர்ந்த பாசித் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஒழுகியது. கிழக்கு மூலையில் கொண்டுபோய்ப் பரப்பினாள். நுனிகள் நீர் ஓடும் பக்கமாகச் சாயும்படி விரல்களால் கோதிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. சரிவிலிருந்து பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தன் கை இவ்வளவு நேர்த்தியாக இதைச் செய்கிறதே என்று இருந்தது.

அடியில் மணல் புரண்டு கிடந்தது. நேற்று வாரியின் பற்கள் போன இடங்களில் நகக்கீற்று அளவு மட்டிக்குஞ்சுகள் வெளியே கிடந்தன. சில வாய் திறந்துவிட்டன. மூடியிருந்த ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் மணலுக்குள் அழுத்தினாள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னும் நிறைய. இரண்டு குளிர்காலம் இந்த மூலையில் மண்டியிட்டு ஆந்தியாவோடு குஞ்சுகளை எண்ணியிருக்கிறாள். மழை நாளில் ஆந்தியா குடை பிடிக்க, இவள் பொறுக்குவாள். பாசிக்கு அடியில் உயிரோடு இருந்தவை அதிகம்தான். ஆனாலும் இன்னொரு குளிர்காலம் பார்க்காமல் சொல்லக்கூடாது என்று இவள்தான் பிடிவாதமாக நின்றாள். நாம் சொன்னால் ஊர் நம்பும், அதனால் அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது என்றாள்.

"தோசிந்தா!"

ஆந்தியா சரிவின் உச்சியில் நின்றாள். தோளில் குச்சிக் கட்டு. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "வர்ற வழியில சொன்னாங்க, நேத்து எல்லாரும் எறங்கி வாரினாங்கன்னு. உயிரே போயிடுச்சு எனக்கு. நல்லவேளை, மூலைய விட்டுட்டாங்க. பாசி அப்படியே இருக்கு!" பிறகு செல்சாவைப் பார்த்தாள். "செல்சா அக்கா, நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

செல்சா வாயைத் திறந்தாள். அதற்குள் மேலே கார் வந்து நிற்கும் சத்தம். ஆந்தியா குச்சிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஓடினாள்.

வந்தவர்களில் ஒருவர் நிதி தரும் அரசுத் துறையின் அதிகாரி. நல்ல தோல் ஷூ, கறுப்புக் குடை. அவர் சரிவின் உச்சியிலேயே நின்றுவிட்டார். மற்றவர் கிரோகா என்ற பேராசிரியை. ஆந்தியாவிடம் ரப்பர் பூட்ஸ் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார். நரைத்த முடி, வேகமான நடை. ஒவ்வொரு பெண்ணுக்கும் கை கொடுத்தார். பெண்கள் கையைப் பின்பக்கம் துடைத்துவிட்டுக் கொடுத்தார்கள். செல்சாவின் கையில் இருந்த பச்சை அவர் உள்ளங்கையிலும் ஒட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

ஆந்தியா பேசினாள். நன்றாகவே பேசினாள். மழை, ஆறு, உப்பு, குஞ்சு. ஊரும் நிலையமும் சேர்ந்து கேட்ட கேள்வி. கேள்வி எப்போது தோன்றியது என்று கிரோகா கேட்டபோது, "யாருக்கும் பதில் தெரியாதப்போ" என்றாள் ஆந்தியா. கிரோகா சிரித்தார். தோசிந்தா அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் கிழக்கு மூலை பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்னால் பெண்களின் பூட்ஸ் சேற்றில் சப்புக் கொட்டின.

கிரோகா மூலையின் ஓரத்தில் நின்றார். "ஆக, இதுதான் ரெண்டு வருஷமா யாரும் தொடாத இடம்?"

"ஆமா," என்றாள் ஆந்தியா.

தோசிந்தா செல்சாவைப் பார்த்தாள். சொன்னால் இவள் இத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டும். ஓட்டுப் போடாதவள் வேண்டுமென்றே கெடுத்துவிட்டாள் என்று நாளைக்கு ஊர் பேசும். சொல்லாவிட்டால் பணம் வரலாம். ஆந்தியாவின் வேலை நிலைக்கலாம். பக்கத்து ஊர்ப் பாசியின் அடியில் செத்த குஞ்சுகளை அடுத்த மாதம் இருவரும் மண்டியிட்டு எண்ணலாம். அந்த எண்ணிக்கையை அச்சடிப்பார்கள். அதை நம்பி ஊர் ஊராகப் பெண்கள் பாசியை வாருவார்கள், அல்லது விடுவார்கள். கீழே தன் பெயர் இருக்கும்.

"இல்ல," என்றாள் தோசிந்தா.

ஆந்தியா திரும்பினாள்.

"முந்தாநாள் வரைக்கும் யாரும் தொடல. நேத்து வாரியாச்சு. இது இன்னிக்குக் காலையில நாங்க கொண்டுவந்து பரப்பின பாசி. நம்ம பாசிகூட இல்ல, பக்கத்து ஊருது."

ஆந்தியா குனிந்து பாசியின் ஒரு ஓரத்தைத் தூக்கினாள். அது வேரில்லாத விரிப்பு மாதிரி மொத்தமாக மேலே வந்தது. அடியில் மணலில் கோடுகள். அவள் அதைக் கீழே விட்டாள்.

"என்கிட்ட சொல்லணும்னு தோணலியா?" என்று கேட்டாள். குரல் எழும்பவில்லை.

"தோணுச்சு. அதுக்குள்ள நீ சந்தோஷப்பட்டுட்ட. அதுக்கப்புறம் வாய் வரல."

குடை பிடித்திருந்த அதிகாரி சரிவில் பாதி தூரம் இறங்கி வந்திருந்தார். "எடுத்தது யாரு?"

"சங்கம்," என்றாள் தோசிந்தா. "தலைவி நான். என்னைக் கேளுங்க."

"சங்கமாவது மண்ணாவது," என்றாள் செல்சா.

அவள் பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தாடை உயர்ந்திருந்தது. "நான்தான் ஐயா. செல்சா. மேல்தெரு. இந்த ஆராய்ச்சி எனக்குப் பிடிக்காது. ஓட்டும் போடல. அதனால வேணும்னே கெடுத்தேன்னு நீங்க நெனைச்சா நெனைச்சுக்குங்க. விருந்தாளி வர்றாங்கன்னா வாசலக் கூட்டாத ஊரு இல்ல இது. கூட்டினேன். அந்த மூலைய இன்னும் விட்டுவைக்கணும்னு கூட்டத்துல சொன்னாங்களாம். நான் கூட்டத்துக்குப் போகல. போகாதது என் தப்பு. இவ தலையில போடாதீங்க. இவளுக்கு நேத்து விஷயமே தெரியாது."

அவளுக்குப் பின்னால் பால்பினா ஓரடி முன்வந்தாள். "நானும்தான். நான் வழுக்கி விழுந்த எடம்கூட அங்கதான் இருக்கு, வேணும்னா பாத்துக்கலாம்." இன்னொருத்தி வந்தாள். இன்னொருத்தி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. செல்சாவின் பக்கத்துப் பெண்கள் முழுக்க அந்தப் பொய்ப் பாசியின் ஓரத்தில் வந்து நின்றார்கள். தோசிந்தாவின் பக்கத்திலிருந்தும் சிலர் போய் அவர்களோடு நின்றார்கள், காலையில் பாசி சுமந்தவர்கள். தோசிந்தாவுக்குக் கழுத்து தானாக நிமிர்ந்தது. பணம் போனாலும் போகட்டும், இவர்களோடு நின்றேன் என்பது போகாது என்று தோன்றியது. உடனே ஆந்தியாவின் முகம் கண்ணில் பட்டது. போகட்டும் என்று சொல்ல தனக்கென்ன உரிமை என்றும் தோன்றியது.

கிரோகா உட்கார்ந்து மணலைக் கிளறினார். ஒரு குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "எவ்வளவு ஆழமா வாரினீங்க?" என்று செல்சாவைக் கேட்டார்.

செல்சா கையால் காட்டினாள். "மட்டி எடுக்கிற ஆழம் இல்ல. மேலாக்கத்தான். கடைசியில கொஞ்சம் அழுத்திட்டேன். நல்லா இருக்கணுமேன்னு."

"இங்க பாசி திரும்ப வருமா?"

"விட்டா வரும்," என்றாள் தோசிந்தா.

"விடுவீங்களா?"

எல்லோரும் செல்சாவைப் பார்த்தார்கள். செல்சா நகக்கண்ணில் இருந்த பச்சையைச் சுரண்டினாள். கிரோகா எழுந்து, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நான் இப்ப எதுவும் சொல்ல முடியாது. மத்தவங்களோட உக்காந்துதான் முடிவு செய்யணும். ரெண்டு குளிர்காலம் வளர்ந்தது போயிருக்கு. அது சின்ன விஷயம் இல்ல." ஆந்தியாவின் தோளை ஒருமுறை தொட்டார். "இங்க என்ன நடந்ததோ அப்படியே எழுதி அனுப்பு. இவங்க எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்." பிறகு மூக்கை உறிஞ்சினார். "அந்தத் தட்டுல என்ன வச்சிருக்கீங்க? வந்ததுலேருந்து வாசனை இழுக்குது."

சரிவின் சுவரோரம் நின்று சாப்பிட்டார்கள். அதிகாரி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டாவது துண்டும் எடுத்தார். ஷூ முழுக்கச் சேறு. பால்பினா அதைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் பாக்க ஆளு மாதிரி இருக்காரு" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சத்தமாகவே சொன்னாள். அவருக்குக் கேட்டது. காது சிவந்தது. ஆனாலும் மூன்றாவது துண்டை வேண்டாம் என்று சொல்லவில்லை.

கார் போன பிறகு ஆந்தியா சுவரில் உட்கார்ந்திருந்தாள். எம்பனாடா கையிலேயே இருந்தது. தோசிந்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் அவள் பரவாயில்லை என்பாள். பரவாயில்லை என்று சொல்ல வைக்க மனம் வரவில்லை.

"பக்கத்து ஊர்ப் பாசிய எடுத்துடணும்," என்றாள் ஆந்தியா கடைசியில். "அது வேற மண்ணுல வந்தது. அடியில என்ன இருக்கோ. முழுசா எடுத்துட்டு, மணல அப்படியே விட்டுட்டு, முதல்லேருந்து."

"பணம் வரலைன்னா?"

"தெரியல." அவள் எம்பனாடாவைக் கடித்தாள். மென்றுகொண்டே, "என்னை ஏமாத்திட்டீங்க, தெரியுமா? தூரத்துலேருந்து பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

பெண்கள் மறுபடி திட்டில் இறங்கினார்கள். காலையில் சுமந்த பாசியையே திரும்பச் சுமந்தார்கள். "இந்தப் பாசி என்னைவிட அதிகமா ஊர் சுத்திருச்சு," என்றாள் பால்பினா. பக்கத்து ஊர்க்காரிகள் அந்தப் பக்கம் நின்று, என்னடி, பிடிக்கலையா, மாத்திக் குடுக்கவா என்று கத்தினார்கள். இந்தமுறை இவர்களும் சிரித்தார்கள்.

தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது. செல்சா சுவரோரம் வந்து, குச்சிக் கட்டை யாரையும் கேட்காமல் தோளில் தூக்கினாள்.

"எங்கடி நடணும்?"

தோசிந்தா எழுந்தாள். இருவரும் கிழக்கு மூலைக்கு நடந்தார்கள். ஆந்தியா சுத்தியலோடு பின்னால் வந்தாள். செல்சா குச்சியைப் பிடித்துக்கொள்ள, ஆந்தியா அடிக்க, தோசிந்தா நீலக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். கடைசிக் குச்சிக்கு வரும்போது நீர் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. குளிர் பூட்ஸைத் தாண்டிக் காலைப் பிடித்தது. ஆந்தியா சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கரைக்குத் திரும்பினாள். மற்ற இருவரும் நின்றார்கள். கயிற்றுக்கு உள்ளே நீர் தெளிவாக இருந்தது. அடியில் மணல் வெறுமையாகத் தெரிந்தது.

"ஒண்ணும் செய்யாம இதப் பாத்துக்கிட்டே இருக்கணுமாக்கும்," என்றாள் செல்சா.

"ஆமா."

"மூணு வருஷம்."

"குடுத்தா மூணு வருஷம். குடுக்கலைன்னாலும் பாக்கலாம்."

கழியின் வாயிலிருந்து ஏறி வந்த நீரோடு ஒரு பாசி இழை மிதந்து வந்தது. விரல் நீளம், இளம்பச்சை. கயிற்றின் கீழே நுழைந்து, குச்சியில் முட்டி, திரும்பி உள்ளே போயிற்று. பழக்கத்தில் செல்சாவின் கை அதை எடுக்க நீருக்குள் இறங்கியது. விரல்கள் அதன் மேல் விரிந்தன. கை அங்கேயே நின்றது, நீருக்கு அடியில், திறந்தபடி. இழை அந்த விரல்களுக்கு இடையே புகுந்து, சுண்டுவிரலில் ஒரு கணம் தங்கி, கழன்று மணலை நோக்கி இறங்கியது.